பஸ் ஹோல்ட்டுக்குக் கிடைத்த புள்ளி

சேசு மரி சூசை துணை

மாத்தளை,
2008 செப்டெம்பர் 16

அன்பு மகள் டொறீனுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறோம். சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், எழுத வரவில்லை. தபால் கந்தோரில் இருந்த காலத்தில் எழுதத் தெரியாத எத்தனையோ பேருக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வீட்டில் பிணம் கிடந்தாலும் முதல் வரியில் சுகம் என்று போடச் சொல்வார்கள், நானும் போடுவேன். எனக்கென்று வரும்போது கை ஓடவில்லை. இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. என் வயிற்றைக் கழுவிய தபாலை நானே நம்பாத காலம் வந்துவிட்டது. முன்வீட்டு ஜைனுதீன் நானாவின் மகன் மஹ்ரூப் தங்கச்சி கலியாணத்துக்கு வந்து நின்றவன், வியாழக்கிழமை துபாய்க்குத் திரும்பிப் போகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது, அவனும் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. உன் தம்பியைப் பொலிஸ் கொண்டுபோன பிறகு இந்த ஒழுங்கையில் எங்களைக் கண்டால் பாதையின் மற்றப் பக்கத்துக்கு மாறிப் போகிறவர்கள்தான் அதிகம். நானாவின் வீட்டிலிருந்து மட்டும் நோன்புக் கஞ்சி தினமும் வருகிறது, அவர் மனைவி ஸுபைதா தானே கொண்டுவந்து அம்மா ஒரு கோப்பை குடிக்கும் வரைக்கும் பக்கத்தில் இருந்துவிட்டுத்தான் போவார். அம்மா இப்போது ஒழுங்காகச் சாப்பிடுவது அது ஒன்றுதான்.

உனக்கு எல்லாம் துண்டு துண்டாகப் போனில்தான் தெரியும், அதிலும் பாதி அழுகை. தம்பியின் வழக்கைப் பார்க்கிற கண்டி லோயர் ராஜநாயகம் நடந்ததை ஒழுங்காக உனக்கு எழுதச் சொன்னார், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன், சினக்காமல் வாசி. போன டிசம்பர் நத்தாருக்கு நீ வந்து நின்றபோது தம்பி வேலை செய்யும் கார்மண்ட் பெக்டரிக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கப் போகிறார்கள், அந்த வேலை உங்கள் துபாய்க் கம்பனிக்குத்தான் வந்திருக்கிறது, எங்கள் ஊர்க் கட்டடம் என்று நீயே கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொல்லி எவ்வளவு சந்தோஷப்பட்டாய். கரண்ட் இவ்வளவு மிச்சம் பிடித்தால் இத்தனை புள்ளி, தண்ணீர் மிச்சம் பிடித்தால் இத்தனை புள்ளி, மழைத் தண்ணீரைச் சேர்த்தால், கழுவின தண்ணீரைச் சுத்தம் செய்து கக்கூசுக்கு விட்டால், கூரைக்கு வெள்ளை அடித்தால் என்று நீ சொல்லச் சொல்ல, இனிமேல் கட்டடத்துக்கும் சோதனை எழுதவேண்டிய காலம் என்று நான் கேலி செய்தேன், தம்பிதான் வாயைப் பிளந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பெக்டரியில் மெயின்டனன்ஸ் பகுதியில் இருந்தவன் என்பதால் பைப்பும் மீட்டரும் அவனுக்கு வீட்டுச் சாமான் மாதிரி. நீ அங்கிருந்து கேட்டதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினான். கடைசியாகத்தான் நீ அந்த பஸ் விஷயத்தைக் கேட்டாய். வேலைக்கு வருகிறவர்கள் தனி வாகனம் இல்லாமல் பஸ்ஸில் வந்து நடந்து உள்ளே போகக்கூடிய இடத்தில் கட்டடம் இருந்தால் எண்ணெய் மிச்சம், அதற்கும் ஒரு புள்ளி இருக்கிறது, கேட்டிலிருந்து இரண்டு பக்கமும் பஸ் நிற்கிற ஹோல்ட்டுக்கு எவ்வளவு தூரம், எந்தெந்த பஸ் எந்தெந்த நேரம் வருகிறது, எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள், படமும் வேண்டும் என்று எழுதினாய். வேலை நாளில் வெளியே விடமாட்டார்கள் என்று லீவு எடுத்துக்கொண்டு போனான் தம்பி நோபர்ட். மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் போனான், அவரும் சரி போ என்றிருக்கிறார், வாயால் சொன்னதற்கு இப்போது சாட்சி கிடையாது.

அது எந்த மாதம் என்று நினைத்துப் பார். பெப்ரவரியில் தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்து அத்தனை சனம் செத்தது, மார்ச்சில் நாவுல ரோட்டில் ஒரு தமிழ்ப் பொடியன் காலையிலிருந்து ஹோல்ட்டில் நிற்கிறான், வருகிற பஸ் எதிலும் ஏறவில்லை, தம்புள்ளை பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள் என்று எழுதுகிறான், நாடா பிடித்து ரோட்டை அளக்கிறான், பஸ்ஸைப் படம் எடுக்கிறான். நானாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். ஹோல்ட்டில் சோளப்பொத்தி அவித்து விற்கிற ஒரு சிங்கள நங்கிதான் ஊர்க்காவல் ஹோம்கார்டிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அண்ணனின் பிள்ளை அந்தத் தம்புள்ளை பஸ்ஸில் செத்துப்போனதாம். அவளை நான் ஏசமாட்டேன், அம்மா ஏசினாலும் நான் ஏசமாட்டேன். ஏசவேண்டியது நம்மைத்தான். இங்கே இருக்கிற நாங்களும் யோசிக்கவில்லை, அங்கே இருக்கிற நீயும் யோசிக்கவில்லை. கட்டடத்துக்குப் புள்ளி வாங்குகிற நினைப்பில் நாம் யார், எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதை எல்லோரும் மறந்துபோனோம்.

அன்றிரவு அவன் அளந்ததைப் படமாகக் கீறி உனக்கு அனுப்பிவிட்டுப் படுத்த பிறகுதான் பொலிஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. அதோடு நின்றிருந்தால் பெக்டரியில் ஒரு வார்த்தை கேட்டு விட்டிருப்பார்கள். கெடுத்தது கமரா. நீ வாங்கிக்கொடுத்த அதே கமராதான், சமாதான காலத்தில் நாம் எல்லோரும் மடுத் திருவிழாவுக்குப் போனபோது நீ எடுத்த படங்கள் அதற்குள்ளேயே கிடந்திருக்கின்றன. அழிக்கத் தம்பி எத்தனையோ தடவை பார்த்தான், மாதாவின் படத்தை அழிக்கிறதா, அழித்தால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா விடவில்லை. தேரும் கோவிலும் மட்டும் என்றால் பரவாயில்லை, போகிற வழியில் இயக்கத்தின் சாவடியில் பாஸ் எடுக்க நின்றபோது அவர்களுடைய பெயர்ப் பலகைக்கு முன்னால் தம்பியை நிறுத்திச் சிரி சிரி என்று நீ எடுத்தாயே, அந்தப் படமும் இருந்தது. அந்த நாளில் மடுவுக்குப் போன தெற்குச் சிங்களச் சனம்கூட அப்படி நின்று படம் எடுத்தது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பொலிஸுக்கு அது வேண்டாம். பஸ் நேரம் எழுதின பொடியனின் கமராவில் அந்தப் பலகை, அவ்வளவுதான் அவர்களுக்குத் தேவைப்பட்டது. மூன்று மாதம் தடுத்துவைக்க ஓடர் போட்டார்கள், முடிந்ததும் இன்னொன்று போட்டார்கள், அதுவும் முடியப்போகிறது. இங்கே வைத்திருந்தவனைத் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆகஸ்டில் பெக்டரிக்குச் சான்றிதழ் கிடைத்தது உனக்குத் தெரிந்ததுதான். கேட்டில் கொடி கட்டி, வெள்ளைக்காரர்கள் வந்து மரம் நட்டு, பேண்ட் வாத்தியமெல்லாம் வைத்துக் கொண்டாடினார்கள். அது முடிந்த அடுத்த வாரம் நான் மேனேஜரைப் பார்க்கப் போனேன். உன் கட்டடத்தை அன்றைக்குத்தான் உள்ளே போய்ப் பார்த்தேன் மகள். பொய் சொல்லக்கூடாது, நல்ல கட்டடம், ஃபேன் இல்லாமலே காற்று வருகிறது, கையைக் காட்டினால் பைப் திறக்கிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. என்னை ஒரு அறையில் இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். வெகு நேரம் யாரும் வரவில்லை, நான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், திடீரென்று விளக்கு அணைந்துவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். அந்தப் பக்கம் போன பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்து, ஆள் அசையாவிட்டால் தானாக நின்றுவிடும் மாமா, கையை ஆட்டுங்க என்றாள். கையை ஆட்டினேன், விளக்கு வந்தது. மேனேஜர் வரும் வரைக்கும் அறுபது தாண்டின நான் பைத்தியக்காரன் மாதிரி இடைக்கிடை கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் வந்து மரியாதையாகத்தான் பேசினார், தேத்தண்ணி கொடுத்தார். நோபர்ட் நல்ல வேலைக்காரன் என்றார். ஆனால் அன்றைக்கு அவன் லீவு, கம்பனி அவனை எங்கேயும் அனுப்பவில்லை, பைலைத் தயாரித்தது துபாய்க் கம்பனி, அவர்களைத்தான் கேட்கவேண்டும் என்றார். நீ போனில் சொன்னதோ, உங்கள் கம்பனி அந்த அளவெடுப்பைப் பெக்டரிக்காரர்கள்தான் செய்தது என்று சொல்லித் தலையிட மறுக்கிறது என்று. அவர்கள் உங்களைக் காட்டுகிறார்கள், நீங்கள் அவர்களைக் காட்டுகிறீர்கள், நடுவில் நின்று அளந்தவன் உள்ளே இருக்கிறான். கேட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிக்குள் அந்தச் சான்றிதழை மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். இவளைப் படிப்பிக்காமல் விட்டிருந்தால் அவன் வீட்டில் இருந்திருப்பானே என்றுகூட நினைத்தேன். பிறகு பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையை அப்படி நினைத்துவிட்டேனே என்று அழுகையும் வந்தது.

போன வாரம் முகாமுக்குப் போய்த் தம்பியைப் பார்த்தோம். ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் கம்பிக்குப் பக்கத்தில் விடுவார்கள், முதலில் அம்மா போனாள், பிறகு நான். காவலுக்கு நிற்பவனுக்கு விளங்கவேண்டும் என்று சிங்களத்தில்தான் பேசவேண்டும். அம்மாவின் மன்னார் வாய்க்குள் சிங்களம் எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியுமே, சாப்பிட்டாயா சாப்பிட்டாயா என்று கேட்டே நேரம் முடிந்துவிட்டது. நானும் என் மகனும் கதிர்காமத்துக்குப் போகும் வழியில் சந்தித்த இரண்டு பேர் மாதிரி சிங்களத்தில் சுகம் விசாரித்துக்கொண்டோம். மெலிந்துபோனான். வலது கையின் விரல்களை மடக்க முடியவில்லை, நாங்கள் கொண்டுபோன விசுக்கோத்துப் பையை இடது கையால் வாங்கினான், நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு வழுக்கி விழுந்தேன் என்றான். அம்மா அதைக் கவனிக்கவில்லை, நீயும் அவளிடம் சொல்லாதே. என்ன கேட்டான் தெரியுமா, பெக்டரிக்குச் சான்றிதழ் கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது என்றேன். பஸ் ஹோல்ட்டுக்குப் புள்ளி கொடுத்தார்களா என்றான். கொடுத்தார்கள் என்றேன், நீ போனில் சொல்லியிருந்தாயே. சிரித்தான் மகள். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு வாளிதான் தண்ணீர், குளிப்பதும் அதில்தான் குடிப்பதும் அதில்தான், தண்ணீர்ச் சிக்கனத்துக்கு இந்த இடத்துக்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள் என்றான். காவல்காரனும் சிரித்தான்.

வெளியே வந்தபோது விசாரிக்கிற பெரிய அதிகாரி எங்களைக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். கதை எல்லாம் எனக்கு விளங்குகிறது மாத்தயா, கமரா அக்காவுடையது, படம் எடுத்தது அக்கா, பஸ் நேரம் கேட்டது அக்கா, அக்கா வந்து ஒரு வாக்குமூலம் கொடுத்தால் தம்பியின் விஷயம் ஒரே நாளில் முடியும் என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. டொறீன் படித்தவள், இங்கிலீசில் பேசுவாள், அவள் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் அவர்களுக்கு விளங்கும், அவள் கேட்டதால்தானே போனான், அவள் வராமல் யார் வருவது என்கிறாள். ஃபாதரும் கடவுளை நம்பி வரச் சொல்லுங்கள் என்றார், அவருக்கென்ன, பிள்ளையா குட்டியா. லோயர் ராஜநாயகத்திடம் நான் தனியாகப் போய்க் கேட்டேன். ஒரே நாளில் முடியவும் கூடும், முடியாமல் போகவும் கூடும், நான் பொறுப்பெடுக்கமாட்டேன் என்றார். அவர் கையில் இப்படி இன்னொரு வழக்கு இருக்கிறதாம், தம்பிக்காகக் கனடாவிலிருந்து வந்த பெண் பிள்ளையையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள், தம்பியையும் விடவில்லை. அதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, எப்போதும் உங்களுக்கு மகள்தானே பெரிது, உள்ளே கிடப்பவன் நான் பெற்றவன் மட்டுமா என்று கேட்டாள். அதற்குப் பிறகு கஞ்சியையும் தொடவில்லை. அவளுக்குப் பிரஷர் இருக்கிறது, தலை சுற்றி ஒருநாள் குசினியில் விழுந்தும் விட்டாள். கடைசியில் சரி லூசியா, வரச் சொல்வோம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் சாப்பிட்டாள், உன் அறையைக் கூட்டித் துடைத்துக் கட்டிலுக்கு விரிப்பும் மாற்றிவிட்டாள்.

ஆனால் மகள், ஒன்றை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. நான் கம்பிக்குப் பக்கத்தில் நின்றபோது காவல்காரன் மற்றப் பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டு ஒரு நிமிஷம் விலகிப் போனான். அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவன் மாதிரி உன் தம்பி தமிழில், என்ன நடந்தாலும் அக்காவ வரச் சொல்லாதீங்கப்பா, பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கிற பக்கத்துச் சத்தம் எங்களுக்குக் கேட்கும்பா என்றான். அவ்வளவுதான் சொன்னான், காவல்காரன் வந்துவிட்டான், தம்பி மறுபடியும் சிங்களத்தில் ஊரில் மழை பெய்கிறதா என்று கேட்டான். இதை நான் எப்படி உன் அம்மாவிடம் சொல்வேன். சொன்னால் உன்னைக் கூப்பிடமாட்டாள், அது உண்மைதான், ஆனால் அந்த இடத்தில்தான் அவள் மகனும் கிடக்கிறான் என்று தெரிந்த பிறகு அவள் எப்படி இருப்பாள்.

அதனால் நீ செய்யவேண்டியது இதுதான். லோயர் கேட்பது ஒரு கடிதம், உங்கள் கம்பனியின் தலைப்பு போட்ட கடுதாசியில், இந்தச் சான்றிதழுக்கு பஸ் ஹோல்ட்டின் தூரமும் நேரமும் வேண்டும் என்பது விதி, அதை எடுத்துத் தரச் சொல்லி இந்த ஆளை நாங்கள்தான் கேட்டோம் என்று எழுதி, ஹோல்ட்டின் தூரத்தைக் காட்டித் தம்பி கீறின அந்தப் படம் பைலில் இருக்கிற பக்கத்தையும் சேர்த்து, தூதரகத்தில் முத்திரை குத்தி அனுப்பவேண்டும். உங்கள் பெரியவர் முடியாது என்றால் உன் பெயரிலேயே எழுது, நான்தான் கேட்டேன் என்று எழுது, வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடலாம், அதுவும் கிடைக்காவிட்டால் வேறு நாட்டுக்குப் போ, இங்கே வராதே. கடிதத்தை லோயரின் கண்டி விலாசத்துக்கு அனுப்பு, நம் வீட்டுக்கு வேண்டாம். அது போதுமா போதாதா என்று எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியும் என்று உனக்கு எழுதமாட்டேன். உனக்கு ஹட்டனில் பேசின மாப்பிள்ளை வீட்டார் தரகர் ஜோசப்பின் மூலமாக இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அதை நினைத்து வருத்தப்படாதே, இப்போதே முகம் தெரிந்தது நல்லதுதான். அங்கே நம் சனத்தோடு இந்தக் கதையெல்லாம் பேசாதே. ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளாமல் இருமுகிறாய் என்று போனிலேயே தெரிகிறது, கழுத்துக்கு ஏதாவது சுற்றிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வந்ததும் வழக்கம்போல நீ போன் எடுப்பாய். அம்மா உன்னை வரச் சொல்லி அழுவாள். பிறகு போனை என் கையில் தருவாள், நானும் வா மகள், அடுத்த பிளேனில் வா என்றுதான் சொல்வேன், அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், எனக்கு வேறு வழியில்லை. நீ லீவு இல்லை, பாஸ்போர்ட் கம்பனியில் இருக்கிறது, ஏதாவது ஒன்றைச் சொல்லு. அப்படிச் சொன்னதும் அவளுக்கு முன்னால் நான் உன்னை ஏசுவேன், தம்பியைக் குழியில் தள்ளிவிட்டுச் சொகுசாக இருக்கிறாய் என்பேன், பெற்ற வாயால் சொல்லக்கூடாததையும் சொல்வேன், இப்படி ஒரு பிள்ளை எனக்கு இல்லை என்றுகூடச் சொல்லவேண்டி வரலாம். பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிரு. இந்தப் பிழை முழுக்க உன் தலையில் விழும், அம்மா சாகும் வரைக்கும் உன்னை மன்னிக்காமல் போகவும் கூடும், எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்றையாவது நான் வெளியே வைத்திருக்கவேண்டும்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக, மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக, உன் நெற்றியில் அப்பா சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். வாசித்ததும் இதைக் கிழித்துப் போடு. மறக்காதே மகள், போனில் நான் அழுது கூப்பிட்டாலும் வராதே.

இப்படிக்கு,
உன்னை ஏசப்போகும்
அப்பா
ச. இராயப்பன்